‘நிர்வாகம் ஒதுக்கும் பிற பணிகள்’: இந்த ஒரு வரிக்கு எல்லை உண்டா?

மூன்றாம்மணி:
எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாள் இங்கே படிப்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தேன். இன்று எழுதாமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. இது இரண்டாவது வருடம். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் வாரம் 24 பீரியட், காலை 7 முதல் மதியம் 3 வரை, சனி ஞாயிறு விடுமுறை என்று தெளிவாக இருக்கிறது. அதன் கீழே ஒரே ஒரு வரி: ‘பள்ளி நிர்வாகம் அவ்வப்போது ஒதுக்கும் பிற பணிகள்’. கையெழுத்துப் போடும்போது ஆண்டு விழா, விளையாட்டு விழா மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது வாரத்துக்கு ஐந்தாறு சப்ஸ்டிட்யூஷன் வருகிறது, அதாவது வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பு. இடைவேளையில் வராந்தா ட்யூட்டி. வாரம் மூன்று நாள் பஸ் ட்யூட்டி, கடைசி பஸ் கிளம்ப 3:50 ஆகிவிடும். மாதம் இரண்டு சனிக்கிழமை ஏதாவது ஓபன் ஹவுஸ், பயிற்சி வகுப்பு. கேட்டால், ‘வெள்ளிக்கிழமைதான் அரைநாளில் போய்விடுகிறீர்களே, அதை ஈடுகட்டுங்கள்’ என்கிறார்கள். போன மாதம் நாற்பது பெயர் கொண்ட ஒரு பட்டியலைக் கையில் கொடுத்து, புது அட்மிஷனுக்காகப் பெற்றோரிடம் பேசச் சொன்னார்கள். என் சொந்த ஃபோனில்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டேன். நேற்று கூப்பிட்டு, ‘அடுத்த டெர்ம் முதல் வாரம் இரண்டு நாள் நம் இன்னொரு கிளையில் எடுங்கள், அங்கே இயற்பியலுக்கு ஆள் இல்லை’ என்றார்கள். கூடுதல் சம்பளம் பற்றிப் பேச்சே இல்லை.

மறுக்கலாமா? மறுத்தால் விசாவுக்கு ஆபத்தா? கணவரும் மகளும் என் விசாவில்தான் இங்கே இருக்கிறார்கள். அதனால்தான் இந்தப் பயம்.

கடைசி_பெஞ்ச்:
மேடம், அந்த வரிக்கு எல்லை உண்டு. கட்டடம் இடிந்து விழுந்தால் செங்கல் அடுக்கச் சொல்வார்கள், அதோடு சரி.

நான் சீனாவில் இருக்கிறேன். ஒரு பயிற்சி மையத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கச் சேர்ந்து, கரடி வேஷம் போட்டு வணிக வளாக வாசலில் துண்டுச்சீட்டு கொடுத்திருக்கிறேன். அதுவும் ‘பிற பணி’தான். உள்ளே வியர்த்துக் கொட்டியது. வெளியே குழந்தைகள் வாலைப் பிடித்து இழுத்தார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் மற்றதெல்லாம் ஒரு ரகம், இன்னொரு கிளை என்பது வேறு ரகம். அதைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். இங்கே வேலை அனுமதியில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதோ அங்கே மட்டும்தான் வேலை செய்யலாம். 2013-ல் அமலுக்கு வந்த குடிவரவுச் சட்டப்படி, அனுமதி இல்லாத இடத்தில் வேலை செய்து மாட்டினால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். விஷயம் பெரிதானால் 5 முதல் 15 நாள் காவலும் உண்டு. அந்த அபராதத்தைக் கட்டுவது அனுப்பிவைத்த முதலாளி இல்லை, போன ஆசிரியர். முதலாளிக்குத் தனி அபராதம். என்னோடு இருந்த ஒருவர் ‘ஒரே நிறுவனம்தானே’ என்று இன்னொரு கிளைக்குப் போனார். அது காகிதத்தில் வேறு கம்பெனி என்பது சோதனை வந்த அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது.

மூன்றாம்மணி:
ஐயோ. இங்கேயும் அப்படித்தானா?

வெள்ளைப்பலகை:
அப்படித்தான், மேடம். நான் அமீரகத்தில் பதினோரு வருடம் இருந்தேன், அதில் கடைசி நாலு வருடம் அகாடமிக் கோஆர்டினேட்டர். இப்போது வேறு நாட்டில் இருப்பதால் கொஞ்சம் தாராளமாகப் பேசலாம்.

அமீரகத்தில் ஒர்க் பர்மிட் ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் பெயரில் வருகிறது. இன்னொரு கிளைக்குத் தனி லைசென்ஸ் என்றால் சட்டப்படி அது வேறு முதலாளி. அங்கே பாடம் எடுக்க மனிதவள அமைச்சகத்தின் பகுதிநேர பர்மிட் மாதிரி ஏதாவது ஒன்று முறையாக வேண்டும். பர்மிட் இல்லாமல் ஆள் வைத்து வேலை வாங்கும் நிறுவனத்துக்கு 2024 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 1 லட்சம் திர்ஹாமில் தொடங்கி 10 லட்சம் வரை போகும். ஆகவே நீங்கள் மறுக்கவே வேண்டாம். ‘மகிழ்ச்சி, அந்தக் கிளைக்கான பர்மிட் எப்போது வரும், நகல் கிடைக்குமா’ என்று ஒரு மெயில் போடுங்கள். நேரில் கேட்காதீர்கள், மெயிலில் கேளுங்கள். அதற்கு மேல் அவர்களே பின்வாங்குவார்கள்.

மற்றவை பற்றி இரவு எழுதுகிறேன். நிறைய இருக்கிறது.

சாக்பீஸ்:
நான் தென் கொரியா. கனடா பாஸ்போர்ட் இருந்ததால் ஈ-2 விசா கிடைத்தது. ஆங்கிலம் கற்பிக்க அந்த விசா பெரும்பாலும் ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான். அதுவும் வேலை செய்யும் இடத்தோடு கட்டிப்போட்ட விசா. ‘என் நண்பர் ஒரு மழலையர் பள்ளி வைத்திருக்கிறார், செவ்வாய்க்கிழமை மட்டும் போய்வா’ என்று ஹாக்வான் (தனியார் பயிற்சி மையம்) இயக்குநர் சிரித்துக்கொண்டே சொல்வார். போனால் சட்டத்தை மீறியது நாம்தான்.

அக்கா, நான் கற்ற ஒரு பாடம்: ஒப்பந்தத்தில் ‘மணி’ என்று எழுதியிருப்பது என்ன மணி என்று பாருங்கள். என் முதல் ஒப்பந்தத்தில் ‘வாரம் 30 கற்பித்தல் மணி’ என்று இருந்தது. வகுப்பு 45 நிமிடம். வகுப்புகளுக்கு நடுவில் இருக்கிற நேரம், மாதாந்தர அறிக்கை, பெற்றோருக்கு ஃபோன், சிறு குழந்தைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவது எல்லாம் கணக்கிலேயே வராது. ‘30 மணி தாண்டவில்லையே, ஓவர்டைம் எப்படித் தருவது’ என்பார்கள். ஆனால் கொரியத் தொழிலாளர் சட்டத்துக்குக் கற்பித்தல் மணி என்று தனியாக ஒன்று கிடையாது. நிர்வாகத்தின் உத்தரவில் இருக்கும் நேரமெல்லாம் வேலை நேரம். வாரம் 40 மணி, கூடுதல் 12 மணி, மொத்தம் 52. கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. இதில் ஒரு கொக்கி: ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கு அந்த ஒன்றரை மடங்கு விதி பொருந்தாது. சின்ன ஹாக்வான்கள் ஊழியர் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டுவது இதற்காகத்தான். சிலரை ‘ஒப்பந்தக்காரர்’ என்று காட்டி 3.3 சதவீத வரி மட்டும் பிடிப்பார்கள். அப்படிப் பிடித்தால் ஓய்வூதியம், காப்பீடு எல்லாம் போச்சு.

அரசுப் பள்ளித் திட்டம், அதாவது எபிக், இதைவிடப் பரவாயில்லை. வாரம் 22 பாடம் என்று வரம்பு எழுத்தில் இருக்கும், தாண்டினால் தனிப்பணம். ஆனால் விடுமுறையில் ஆளே இல்லாத பள்ளியில் எட்டு மணி நேரம் மேஜையைக் காவல் காக்கச் சொல்வார்கள். அதுவும் ஒரு தினுசான வதை.

இன்னொன்று, உங்களைக் கூப்பிட்டுப் பேசும்போது ஃபோனில் ரெக்கார்ட் செய்துவிடுங்கள். நாமும் பேசுகிற உரையாடலைப் பதிவு செய்வது இங்கே சட்டப்படி தவறில்லை. சம்பள வழக்கில் எனக்கு அதுதான் கைகொடுத்தது.

வெள்ளைப்பலகை:
சாக்பீஸ் தம்பி, நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனால் மேடம், தயவுசெய்து அமீரகத்தில் அதைச் செய்யாதீர்கள்! அங்கே ஒருவரின் சம்மதம் இல்லாமல் பேச்சைப் பதிவு செய்வதே குற்றம். 2021 சைபர் குற்றச் சட்டத்தில் அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. நியாயம் கேட்கப் போனவர் குற்றவாளியாகத் திரும்புவார்.

சாக்பீஸ்:
மன்னிக்கவும், எனக்குத் தெரியாது. அந்தப் பத்தியை மறந்துவிடுங்கள் அக்கா.

தூரத்துமணி:
யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். எல்லா வேலையிலும் இப்படித்தான். மென்பொருள் வேலையில் இரவு பதினொரு மணிக்கு மீட்டிங் போடுகிறார்கள், யாராவது ஒப்பந்தத்தைத் தூக்கிக் காட்டுகிறார்களா? வெளிநாட்டுச் சம்பளம் வேண்டும், கஷ்டம் மட்டும் வேண்டாம் என்றால் எப்படி? பஸ்ஸில் ஏறும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது ஆசிரியர் வேலை இல்லையா?

மழைக்குடை:
தூரத்துமணி, பஸ்ஸில் ஏறும் பிள்ளைகளை யாராவது பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். அது யார், எந்த நேரக் கணக்கில் என்பதுதான் இங்கே கேள்வி. ‘குழந்தைகளுக்காகத்தானே’ என்று சொன்னால் ஆசிரியர் வாயை மூடிக்கொள்வார் என்று எல்லா நிர்வாகத்துக்கும் தெரியும். மென்பொருள் நிறுவனத்தில் அந்த வார்த்தை கிடையாது.

நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். திறன்பணியாளர் விசா. இங்கே அரசு நடத்தும் பள்ளிகளுக்கு ஊதியமும் பணி நிபந்தனைகளும் அடங்கிய ஆவணம் ஒன்று ஒவ்வொரு வருடமும் வரும். அதில் வகுப்பாசிரியரை நிர்வாகம் ஏவக்கூடிய நேரம் வருடத்துக்கு 195 நாளில் 1,265 மணி என்று எண்ணே போட்டிருக்கிறார்கள். வகுத்தால் ஒரு நாளைக்கு ஆறரை மணி நேரம்கூட வராது. பெற்றோர் சந்திப்பு, ஊழியர் கூட்டம், வாசல் ட்யூட்டி எல்லாம் அந்த 1,265-க்குள் வந்தாக வேண்டும். வராத ஆசிரியருக்குப் பதில் போவது ‘அபூர்வமாகத்தான்’ இருக்க வேண்டும் என்று 2009 முதல் விதி. மதிய உணவு இடைவேளையில் பிள்ளைகளை மேய்க்கச் சொல்ல முடியாது.

கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? அதே ஆவணத்தில் இன்னொரு வரி: தொழில்ரீதியான கடமைகளை நிறைவேற்றத் தேவையான ‘நியாயமான கூடுதல் மணி’களும் உழைக்க வேண்டும். அந்த ‘நியாயமான’ என்ற சொல்லுக்கு எண் கிடையாது. நான் ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் திருத்தும் நோட்டுகள் அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கின்றன. ஆக உங்கள் ‘பிற பணிகள்’ வரி எங்களிடமும் இருக்கிறது, கொஞ்சம் கண்ணியமான உடையில்.

விசா பயமும் உண்டு. ஸ்பான்சர் செய்யும் பள்ளியை விட்டால் அதிகபட்சம் 60 நாளில் வேறு ஸ்பான்சர் தேட வேண்டும். பிரச்சினை என்றால் உள்ளூர்க்காரரான ஆசிரியர், சங்கப் பிரதிநிதியிடம் போவார். நாங்கள் காலண்டரைப் பார்ப்போம்.

நடைவண்டி:
ஜப்பானிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஒரு வித்தியாசம்: தங்கும் உரிமை வேலை வகையோடு கட்டப்பட்டது, முதலாளியோடு இல்லை. வேலை மாறினால் 14 நாளில் குடிவரவுத் துறைக்குத் தெரிவித்தால் போதும். அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

அப்புறம் வேறு வகையில் அடிக்கிறார்கள். நான் ஏஎல்டி, அதாவது துணை மொழி ஆசிரியர். பள்ளி என்னை நேரடியாக வைத்துக்கொள்ளவில்லை. நடுவில் ஒரு கம்பெனி. வாரம் 29.5 மணி என்று ஒப்பந்தம். இந்த அரை மணி ஏன் குறைகிறது என்று முதல் வருடம் புரியவில்லை. முழுநேர ஊழியரின் வேலை நேரத்தில் நாலில் மூன்று பங்கு வந்துவிட்டால் கம்பெனி சமூகக் காப்பீட்டில் பாதி கட்ட வேண்டும். நாற்பதில் நாலில் மூன்று முப்பது. ஆகவே 29.5. பள்ளியில் நான் இருந்தது என்னவோ காலை 8 முதல் 4:15 வரை. நடுவில் இருக்கும் ‘இடைவேளை’களை எல்லாம் கூட்டிக் கழித்து 29.5 ஆக்கிவிடுவார்கள். 20 மணியிலேயே காப்பீடு கட்டாயம் என்று பெரிய கம்பெனிகளில் தொடங்கி 2016, 2022, 2024-ல் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். அதனால் இந்தத் தந்திரம் இப்போது முன்போல் எடுபடுவதில்லை.

அந்த ‘இடைவேளை’யில் என்ன நடக்கும் தெரியுமா? பிள்ளைகளோடு உட்கார்ந்து மதியச் சாப்பாடு. ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுக்க வேண்டும். வாயில் சோறு, கையில் பட அட்டை. சட்டப்படி ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் 45 நிமிடம், எட்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் ஒரு மணி நேரம் இடைவேளை, அதை நம் விருப்பப்படி கழிக்க விட வேண்டும். பட அட்டையோடு கழிப்பது யாருடைய விருப்பம்?

இங்கே ஒரு வினோதமும் உண்டு. கம்பெனி பள்ளியோடு போட்டது குத்தகை ஒப்பந்தம் (வேலையை மொத்தமாக ஏற்று, தன் ஆளை வைத்துத் தானே செய்து கொடுப்பது) என்றால், பள்ளி ஆசிரியர் எனக்கு நேரடியாக வேலை ஏவவே கூடாது. ஏவினால் அதற்குப் பெயர் போலிக் குத்தகை. வகுப்பில் பக்கத்தில் நிற்கும் ஆசிரியர் ‘அந்தப் பக்கத்தை வாசியுங்கள்’ என்பதே சட்டச் சிக்கல். எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் தெரியாத மாதிரி நடந்துகொள்வோம்.

மூன்றாம்மணி:
நடைவண்டி சொன்னதைப் படித்ததும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். எனக்கு 20 நிமிடமும் 25 நிமிடமுமாக இரண்டு இடைவேளை. வாரத்தில் பத்து. போன வாரம் அதில் ஏழில் ட்யூட்டி. மீதி மூன்றில் ஒன்று பெற்றோர் வந்துவிட்டார். இதை நான் மேலே எழுதிய பட்டியலில் ஒரு வரியாகக் கடந்துபோயிருக்கிறேன். பழகிவிட்டது போல.

வெள்ளைப்பலகை:
இரவு எழுதுகிறேன் என்றேன், எழுதுகிறேன். நீளமாக இருக்கும்.

முதலில் சட்டம். அமீரகத்தில் தனியார் வேலைகளுக்கு இப்போது இருப்பது 2021-ன் 33-ஆம் எண் சட்டம், 2022 பிப்ரவரி 2 முதல் அமல். நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவேளை இல்லாமல் வேலை வாங்கக் கூடாது, இடைவேளை மொத்தம் ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, அந்த நேரம் வேலை நேரத்தில் சேராது. கூடுதல் வேலை நாளைக்கு இரண்டு மணியைத் தாண்டக் கூடாது. கூடுதல் நேரத்துக்கு அடிப்படைச் சம்பளத்தின் மணிக்கணக்கோடு குறைந்தது 25 சதவீதம் சேர்த்துத் தர வேண்டும். ஓய்வு நாளில் வேலை என்றால் மாற்று விடுப்பு, அல்லது அடிப்படைச் சம்பளத்தோடு 50 சதவீதம்.

மேடம், இப்போது உங்கள் கணக்கு. இடைவேளை உங்களுக்கு இல்லை என்றால் 7 முதல் 3:50 வரை முழுதும் வேலை நேரம். பஸ் ட்யூட்டி நாள்களில் 50 நிமிடம் கூடுதல். சனிக்கிழமை பற்றி: சட்டம் உறுதி செய்வது வாரம் குறைந்தது ஒரு ஓய்வு நாள். ஆனால் உங்கள் ஒப்பந்தத்தில் சனி ஞாயிறு இரண்டும் என்று எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். அப்படியென்றால் சனியும் ஓய்வு நாளே. ‘வெள்ளிக்கிழமை அரைநாள்’ என்ற பேச்சுக்கு ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் இருக்காது.

வீட்டில் திருத்துவது, பாடம் தயாரிப்பது இரண்டையும் இதில் சேர்க்காதீர்கள். நியாயம் உங்கள் பக்கம்தான், ஆனால் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாததைச் சேர்த்தால் மற்றதும் வலுவிழக்கும்.

பணமாக எவ்வளவு வரும் என்று அதிகம் எதிர்பார்க்காதீர்கள். ஓவர்டைம் அடிப்படைச் சம்பளத்தில்தான். பள்ளிகள் அடிப்படையைச் சிறிதாகவும் படிகளைப் பெரிதாகவும் பிரித்துப் போடுவது சும்மா இல்லை. பணிக்கொடையும் அதே அடிப்படையில்தான், முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள் சம்பளம்.

‘பிற பணிகள்’ வரி பற்றி. ஒப்புக்கொண்ட வேலையிலிருந்து அடிப்படையில் வேறான வேலையைக் கொடுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அவசரநிலையில் தற்காலிகமாகக் கொடுக்கலாம், அதற்கும் வருடத்தில் 90 நாள் என்று விதிகளில் வரம்பு உண்டு. ஆசிரியரின் வேலையோடு ஒட்டியது அந்த வரிக்குள் வரும். சப்ஸ்டிட்யூஷன் வரும். ஆய்வகப் பொறுப்பு வரும். அட்மிஷனுக்கு ஆள் பிடிப்பது வருமா? என் கருத்தில் வராது. அது விற்பனை வேலை.

இனி, கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். நாலு வருடம் அந்த ட்யூட்டி பட்டியலைப் போட்டது நான்தான். தினமும் காலை ஆறே முக்காலுக்கு, இன்று யார் வரவில்லை என்று மெசேஜ் வரும். மூன்று பேர், சில நாள் ஐந்து பேர். பதில் ஆசிரியர் வைக்க நிதி கிடையாது. கேட்டால், ‘இருக்கிறவர்களை வைத்துச் சமாளிப்பதுதானே உங்கள் திறமை’ என்பார்கள். கையில் ஃப்ரீ பீரியட் இருப்பவர்கள் பட்டியல். அதில் யாருக்குப் போடுவேன்? முகத்தைச் சுளிப்பவருக்குப் போடமாட்டேன். மெயில் அனுப்பிக் கேள்வி கேட்பவருக்கு இரண்டு தடவை யோசிப்பேன். குடும்பத்தையே விசாவில் கூட்டிவந்திருப்பவர், புதிதாகச் சேர்ந்து தகுதிகாண் காலத்தில் இருப்பவர், ‘சரி சார்’ என்று சொல்பவர் இவர்களுக்குத்தான் பேனா தானாகப் போகும். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. காலை ஆறே முக்காலுக்கு எண்ணமே இருக்காது. ஆனால் வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்தபோது ஒரே ஆசிரியைக்கு 140-க்கு மேல் சப்ஸ்டிட்யூஷன். அவருடைய பக்கத்து மேஜைக்காரருக்கு 31. அந்த இரண்டு எண்ணும் இன்னும் மனப்பாடம்.

ஆகவே உங்களிடம் வந்து சேர்ந்த வேலையில் பாதி, யாரோ திட்டம் போட்டுக் கொடுத்தது இல்லை. நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்பதால் வழிந்து வந்தது.

கடைசி_பெஞ்ச்:
சார், இதை எழுத மனசு வேண்டும்.

தூரத்துமணி:
நான் நேற்று எழுதியதைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் அந்த 140 கொஞ்சம் உறுத்துகிறது.

சாக்பீஸ்:
புகார் கொடுத்தால் வேலையை விட்டு எடுத்தால்? அக்காவின் உண்மையான கேள்வி அதுதானே. இங்கே வேலையமைச்சகத்தின் 1350 எண்ணில் வெளிநாட்டு மொழிகளிலும் ஆலோசனை உண்டு. புகார் கொடுத்துப் பணம் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தம் முடிந்த பிறகு கொடுத்தவர்கள். ஒரு வருடம் முடித்தால் பணிக்கொடை தர வேண்டும் என்பதால் பதினோராம் மாதத்தில் திடீரென்று குறை கண்டுபிடித்து அனுப்பப்பட்டவர்களையும் தெரியும்.

வெள்ளைப்பலகை:
அமீரகத்தில், உண்மை என்று நிரூபணமான புகாருக்காக வேலைநீக்கம் செய்தால் அது சட்டவிரோதம். மூன்று மாதச் சம்பளம் வரை இழப்பீடு தீர்ப்பாகலாம். 50,000 திர்ஹாமுக்கு உட்பட்ட வழக்குகளை 2024 முதல் அமைச்சகமே தீர்ப்புச் சொல்லி முடிக்கிறது, நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதில்லை. இதெல்லாம் இருக்கிறது. ஆனால் மகள் பள்ளியில் படிக்கும்போது நடு வருடத்தில் மூன்று மாதச் சம்பளம் பெரிய ஆறுதல் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனால் புகார் கடைசி படி. மெயில் முதல் படி. தினமும் ஒரு நோட்டில் தேதி, நேரம், யார் சொன்னது, என்ன வேலை என்று எழுதுவது அதற்கும் முந்தின படி. பள்ளியின் மெயிலில் இருக்கும் ட்யூட்டி பட்டியல்களையும் பார்த்து அதே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பெயர் இருக்கும் எதையும் வெளியே அனுப்பாதீர்கள், அது வேறு வம்பு.

ஒன்று மட்டும் கவனம். ‘உங்களை கோஆர்டினேட்டர் ஆக்குகிறோம்’ என்று சொல்லி வாயை அடைப்பதும் உண்டு. நிர்வாகத்தின் அதிகாரத்தோடு மேற்பார்வைப் பதவியில் இருப்பவர்களுக்கு வேலை நேர வரம்பு பொருந்தாது என்று விதி. எனக்கு நடந்தது அதுதான். பெயர்ப்பலகை கிடைத்தது, ஓவர்டைம் கேட்கும் வாய் போயிற்று.

மழைக்குடை:
மெயிலில் ‘முடியாது’ என்று எழுதாதீர்கள். ‘இதைச் செய்ய எதை விட வேண்டும் என்று சொல்லுங்கள்’ என்று எழுதுங்கள். நான் இங்கே கற்றது இது. 1966-ல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனெஸ்கோவும் சேர்ந்து ஆசிரியர்களின் நிலை பற்றி ஒரு பரிந்துரை ஏற்றார்கள். அக்டோபர் 5 உலக ஆசிரியர் நாளாக இருப்பதே அதனால்தான். வகுப்புக்கு வெளியே தனிப்பொறுப்பு கொடுத்தால் அந்த அளவுக்குக் கற்பிக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. யாரையும் கட்டுப்படுத்தாத காகிதம்தான். ஆனால் கேட்கும் முறைக்கு அது நல்ல மாதிரி.

நடைவண்டி:
முதலில் பணத்தைக் கேட்காதீர்கள், இடைவேளையைக் கேளுங்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். பணம் என்றால் கணக்குப் பிரிவு, வழக்கறிஞர் என்று போகும். ‘ஐந்து மணி நேரம் உட்காரவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை’ என்று சொன்னால் எந்த முதல்வருக்கும் பதில் சொல்லக் கஷ்டம்.

மூன்றாம்மணி:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பலர் கேட்டிருந்தீர்கள், மன்னியுங்கள்.

இரண்டு மெயில் அனுப்பினேன். முதலாவது பர்மிட் பற்றி, இரண்டே வரி. பதில் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இன்னொரு கிளை பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. நேரில் ஒருமுறை, ‘அது அடுத்த வருடம் பார்க்கலாம்’ என்றார்கள். அவ்வளவுதான்.

இரண்டாவது மெயிலுக்கு முன்னால் பத்து வேலை நாள் நோட்டில் எழுதினேன். 12 சப்ஸ்டிட்யூஷன், 20 இடைவேளையில் 13-ல் ட்யூட்டி, 6 பஸ் ட்யூட்டி, ஒரு சனிக்கிழமை, 26 ஃபோன். எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமல் எண்களை மட்டும் போட்டு, பதினோராம் வகுப்பு செய்முறைப் பதிவேடு முடிக்க இந்த நேரம் தேவை, இதில் எதை விடலாம் என்று கேட்டேன். அனுப்பும்போது கை நடுங்கியது உண்மை.

கூப்பிட்டார்கள். முதலில், ‘நீங்கள் டீம் ப்ளேயர் என்று நினைத்தோம்’ என்றார்கள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. பிறகு கோஆர்டினேட்டர் பட்டியலைப் பார்த்துவிட்டு, ‘இவ்வளவா?’ என்றார். நடிப்பு இல்லை, அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. வெள்ளைப்பலகை சார் எழுதியதைப் படிக்காமல் இருந்திருந்தால் எனக்கு அப்போது கோபம் வந்திருக்கும்.

இப்போது இடைவேளை ட்யூட்டி வாரம் மூன்று. பஸ் ட்யூட்டி ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். ஃபோன் பட்டியலைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சனிக்கிழமை மட்டும் அப்படியே இருக்கிறது, மாற்று விடுப்பு ‘பரிசீலனையில்’. பணம் ஒன்றும் இல்லை.

சந்தோஷப்பட முடியவில்லை. என் ட்யூட்டிகள் எங்கே போயின என்று பட்டியலைப் பார்த்தேன். ஆகஸ்டில் சேர்ந்த வேதியியல் பெண்ணுக்கு. இன்னும் தகுதிகாண் காலம்கூட முடியவில்லை. நேற்று இரண்டாம் இடைவேளையில் நான் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருந்தேன், அவள் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள்.

கடைசி_பெஞ்ச்:
அய்யய்யோ.

வெள்ளைப்பலகை:
இது நடக்கும் என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும், தவறு என்னுடையது. மொத்த வேலை குறையாதபோது அது ஆள் மாறும், அவ்வளவுதான்.

மூன்றாம்மணி:
இன்று அவளோடு பத்து நிமிடம் நானும் வராந்தாவில் நின்றேன். நோட்டு பற்றிச் சொன்னேன். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். நாலு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரே கடிதமாகக் கொடுக்கலாம் என்று பேச்சு. நேரக் கணக்கில் பார்த்தால் ஒரே ஒரு பதில் ஆசிரியர் வைத்தால் எங்கள் நாலு பேர் பிரச்சினையும் தீரும்.

வெள்ளைப்பலகை:
மேடம், கூட்டுக் கடிதம் வேண்டாம். அங்கே தொழிற்சங்கம் கிடையாது, வேலைநிறுத்தத்துக்கு அனுமதி இல்லை. நாலு கையெழுத்தைப் பார்த்ததும் அவர்கள் கண்ணுக்கு அது வேறு மாதிரி தெரியும். பேச்சு வேலைப்பளுவை விட்டுவிட்டு, ‘யார் தூண்டியது’ என்று திரும்பிவிடும். தனித்தனியாக, அவரவர் எண்களோடு, அவரவர் பாடத்தின் காரணத்தோடு அனுப்புங்கள். ஒரே வாரத்தில் வேண்டாம், இரண்டு வாரத்தில் பரவட்டும். அந்த வேதியியல் ஆசிரியை தகுதிகாண் காலம் முடியும்வரை எழுதட்டும், அனுப்ப வேண்டாம். அந்தக் காலத்தில் 14 நாள் நோட்டீஸில் அனுப்பிவிட முடியும்.

சாக்பீஸ்:
அதுவரை அவருடைய ட்யூட்டியை நீங்கள் மூன்று பேரும் மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ள முடியுமா அக்கா? அதிகாரபூர்வமாக வேண்டாம், சும்மா.

மூன்றாம்மணி:
அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். செவ்வாய், வியாழன் நான் எடுத்துக்கொள்கிறேன் என்று இப்போதுதான் அவளுக்கு மெசேஜ் போட்டேன். ‘வேண்டாம் மேம், பரவாயில்லை மேம்’ என்று இரண்டு தடவை பதில் அனுப்பியிருக்கிறாள். போன வருடம் நானும் எல்லோருக்கும் இதையேதான் அனுப்பிக்கொண்டிருந்தேன்.